மத்தியானம் வாடும் தக்காளி

உச்சி வெயில் நேரம். தக்காளித் தோட்டத்துக்கு அன்று காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். பாத்தியில் கால் வைத்தால் இன்னும் சேறு ஒட்டுகிறது. இருந்தும் வரிசையின் நடுவில் பத்துப் பதினைந்து செடிகள் தலை தொங்கிப்போய் நிற்கின்றன. அதே வாய்க்காலில் அதே தண்ணீரைக் குடித்த பக்கத்துச் செடிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. வெயில் தாழ்ந்ததும் வாடியவையும் மெல்லத் தலை நிமிர்த்துகின்றன. மறுநாள் மத்தியானம் மறுபடி தொங்குகின்றன.

தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னொரு முறை மடை திறப்பார்கள். இலை வெளிறுவதைப் பார்த்து யூரியா தூவுவார்கள். இரண்டுக்கும் செடி மசிவதில்லை. கடைசியில் யாராவது ஒருவர் மண்வெட்டியை ஒரு சாண் தள்ளி இறக்கி, செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இறங்கியிருக்க வேண்டிய வேர், கோத்த மணிமாலை போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். முற்றிப்போன செடியில் அது இஞ்சிக் கிழங்கு போலவே பருத்திருக்கும்.

தட்டைப்பயறு, அவரை வேர்களிலும் முடிச்சு இருக்குமே என்று ஒரு சந்தேகம் வரலாம். அது வேறு, இது வேறு. பயறு வகைகளின் வேர்முண்டு, வேரின் பக்கவாட்டில் ஒட்டவைத்த மணி போல இருக்கும். நகத்தால் தள்ளினால் உதிர்ந்து வரும். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவின் வீடு அது. தக்காளிக்கு அந்த வசதி கிடையாது. தக்காளியில் தெரிவது வேரே வீங்கிய வீக்கம். தள்ளினால் முடிச்சு உதிராது, வேர்தான் அறும். அந்த வீக்கத்தைப் பிளேடால் மெதுவாகக் கீறி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், குண்டூசித் தலையைவிடச் சிறிய, முத்து போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாய்ப்புழு.

இதன் பெயர் வேர்முடிச்சு நூற்புழு. விஞ்ஞானிகள் மெலாய்டோகைனி என்பார்கள். தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், கேரட் என்று 2,000க்கும் மேற்பட்ட தாவர வகைகளின் வேரில் இது குடியேறும். 1855இல் இங்கிலாந்தில், கண்ணாடிக்கூடத்தில் வளர்த்த வெள்ளரியின் வேரில் இதை முதலில் கண்டு எழுதியவர் பெர்க்லி என்ற பாதிரியார். இந்தியாவில் இதைப் பற்றிய முதல் பதிவு நம் நீலகிரியிலிருந்து வந்தது. 1901இல் தேவாலாவின் தேயிலைத் தோட்டத்தில் இந்த முடிச்சுகளைக் கண்டு எழுதினார் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

வேருக்குள் ஒரு குடித்தனம்

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிப் புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதனால் கண்ணுக்கே தெரியாது. மண் துகள்களுக்கு இடையே படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் போய், வேர்நுனிக்குச் சற்று மேலே ஊசி போன்ற வாயால் துளைத்து உள்ளே நுழைகிறது. உணவும் நீரும் ஓடும் குழாய்களுக்குப் பக்கத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள சில செல்களுக்குள் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்தச் செல்களின் போக்கே மாறிவிடுகிறது. அவை பிளந்து பெருகாமல், உட்கருவை மட்டும் மீண்டும் மீண்டும் பெருக்கிக்கொண்டு ஊதிப்போகின்றன. இவற்றை ராட்சதச் செல்கள் என்று சொல்லலாம். செடி தன் பழத்துக்கும் தளிருக்கும் அனுப்ப வேண்டிய சாப்பாடு இந்த ராட்சதச் செல்களில் வந்து கொட்டுகிறது. புழு அதை உறிஞ்சிக் குண்டாகி, பிறகு நகரவே முடியாத பேரிக்காய் வடிவத் தாயாகிறது.

மத்தியான வாட்டத்தின் ரகசியம் இதுதான். ராட்சதச் செல்கள் உப்பும்போது பக்கத்திலுள்ள நீர்க்குழாய்கள் நசுங்கிக் கோணலாகின்றன. காலையிலும் மாலையிலும் இலை கேட்கும் தண்ணீரைக் கோணல் குழாய் எப்படியோ கொடுத்துவிடும். உச்சி வெயிலில் இலை கேட்கும் வேகத்துக்கு அதால் ஈடுகொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் நிற்பது அதனால்தான்.

ஒரு தாய் கொழகொழப்பான ஒரு பைக்குள் சில நூறு முட்டைகள் இடுகிறது. வெதுவெதுப்பான மண்ணில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறத்தாழ ஒரு மாதம். நம் காய்கறிகளில் மிகுதியாகக் காணப்படும் இன்காக்னிட்டா என்ற இனத்துக்கு ஆண் துணையே தேவையில்லை. பிழைத்த ஒவ்வொன்றும் தாயாகலாம். நான்கைந்து மாதப் பயிரில் நான்கு தலைமுறை. கணக்குக்காக, ஒரு தாயின் முட்டைகளில் பத்து மட்டும் பிழைத்துத் தாயாகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். நாலாம் தலைமுறையில் 10,000 தாய்கள். பத்துக்குப் பதில் ஐந்து பிழைத்தால்? 625தான். பிழைப்பதைப் பாதியாக்கினால் கடைசி எண்ணிக்கை பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. புழுவைப் பூண்டோடு ஒழிக்காத ஒரு முறைகூட ஏன் பயன் தரும் என்பதற்கு இந்தச் சின்னக் கணக்கே போதும்.

கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவது

மண்ணில் இருக்கும் இந்தப் புழுக்களை எப்படி எண்ணுகிறார்கள்? 1917இல் ஜாவா தீவில் வேலை பார்த்த பேர்மன் என்ற மருத்துவர், மனிதருக்கு வரும் கொக்கிப்புழுவின் குட்டிகளை மண்ணிலிருந்து பிரிக்க ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். ஒரு புனல்; அதன் அடியில் ரப்பர் குழாய்; குழாயின் வாயை அடைக்க ஒரு கிளிப். புனல் நிறையத் தண்ணீர் ஊற்றி, வாய்ப்பக்கம் மெல்லிய துணியில் மண்ணைப் பரப்பி, தண்ணீர் தொடும்படி வைக்க வேண்டும். உயிருள்ள நூற்புழுக்கள் நெளிந்து நெளிந்து துணியைக் கடந்து தண்ணீருக்குள் இறங்கும். அவற்றுக்கு மேல்நோக்கி நீந்தும் வலு இல்லை; அதனால் அடிக்குழாயில் போய்ச் சேரும். மறுநாள் காலை கிளிப்பைத் திறந்து சில சொட்டுகள் பிடித்து நுண்ணோக்கியில் வைத்தால் அவை நெளிவதைப் பார்க்கலாம். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்தப் புனலும் இதன் மாறுவடிவங்களும் இருக்கின்றன.

வேருக்குள் புகுந்துவிட்டவற்றைக் காணச் சாயம் உதவுகிறது. அமில ஃபக்சின் என்ற சாயத்தில் வேரைக் கொதிக்கவைத்து வெளுத்தால் உள்ளேயுள்ள புழு மட்டும் சிவந்து நிற்கும். ஃபிளாக்சின் என்ற இன்னொரு சாயம் முட்டைப் பைகளைச் சிவப்பாக்கும். இவற்றோடு முடிச்சுகளின் அளவைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையும் உண்டு. 0 என்றால் சுத்தமான வேர்.

இந்த எண்ணிக்கை வேலை ஏன் முக்கியம்? எரு போட்ட செடி செழிப்பாக இருப்பதாலேயே புழு குறைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எருவால் வேர் இரண்டு மடங்கு வளர்ந்திருக்கலாம். புழு அப்படியே இருந்தும் செடி தாங்கிக்கொண்டிருக்கலாம். சில சோதனைகளில் எரு போட்ட செடியில் மொத்த முடிச்சுகள் கூடக்கூடச் செய்யும், ஏனென்றால் வேரே கூடியிருக்கிறது. ஆகவே ஒரு கிராம் வேரில் எத்தனை முட்டை, ஒரு குவளை மண்ணில் எத்தனை குட்டி என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். செடி தாங்குவது ஒரு லாபம்; புழு குறைவது இன்னொரு லாபம். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஹவாயில் பிரிந்த இரண்டு பாதைகள்

மட்கும் எருவுக்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் உள்ள தொடர்பை ஆழமாக ஆராயத் தொடங்கிய இடம் ஹவாய்த் தீவு. அங்கே அன்னாசிதான் பெரும்பயிர். அதன் பெரும்பகை நூற்புழு. 1930களில் அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மாரிஸ் லின்ஃபோர்டு, காய்ப்பு ஓய்ந்த அன்னாசிச் செடிகளைப் பச்சையாகவே நறுக்கி, புழு நிறைந்த மண்ணில் கலந்து வைத்தார். அது மட்கிய பிறகு பார்த்தால் வேர்முடிச்சு கணிசமாகக் குறைந்திருந்தது.

காரணத்தைத் தேடி அவர் மண்ணை நுண்ணோக்கியில் தொடர்ந்து கவனித்தார். முதலில் நடந்தது எதிர்பாராதது: புழுக்கள் பெருகின! ஆனால் பெருகியவை வேரைத் தின்னும் வகை கிடையாது. அழுகலில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்று வாழும் சாது நூற்புழுக்கள். அவை பெருகியதும் அவற்றைத் தின்னும் பிராணிகள் பெருகின: இரை தின்னும் நூற்புழுக்கள், சிலந்திப்பேன் இனத்து உண்ணிகள், எல்லாவற்றையும்விட விநோதமான ஒருவகைப் பூஞ்சைகள். விருந்துக்கு வந்தவர்களைப் பிடிக்க வந்த இந்தக் கூட்டம், வேர்முடிச்சுக் குட்டிகளையும் சேர்த்துப் பிடித்துத் தின்றது என்று 1937இல் லின்ஃபோர்டு எழுதினார்.

ஆறே வருடம் கழித்து, 1943இல், அதே நிலையத்தைச் சேர்ந்த வால்டர் கார்ட்டர் வேறொன்றை அறிவித்தார். எண்ணெய்த் தொழிலின் துணைப்பொருளான டி-டி என்ற திரவத்தை மண்ணில் செலுத்தினால், அது புகையாகப் பரவி நூற்புழுவைக் கொன்றுவிடுகிறது. ஒரே நாளில் வேலை முடிந்தது. லின்ஃபோர்டின் மெதுவான வழி பின்னுக்குப் போனது. டி-டிக்குப் பின் டிபிசிபி வந்தது. 1977இல், கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குக் குழந்தை பிறக்காததை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டபோதுதான் அந்த மருந்து ஆண்களை மலடாக்குவது வெளிச்சத்துக்கு வந்தது. 1979இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது; ஹவாயின் அன்னாசிக்கு மட்டும் 1985 வரை விலக்கு நீடித்தது. மீத்தைல் புரோமைடு என்ற இன்னொரு மண்புகை மருந்து ஓசோன் படலத்தை அரித்ததால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்டது: வளர்ந்த நாடுகளில் 2005, வளரும் நாடுகளில் 2015. ஒவ்வொரு கதவாக மூடிய பிறகு, உலகம் லின்ஃபோர்டின் நறுக்கிய அன்னாசிக்கே திரும்பி வந்திருக்கிறது.

கொன்றது யார்?

லின்ஃபோர்டு கைகாட்டிய பூஞ்சைகளைக் கண்ணிப் பூஞ்சைகள் என்று அழைக்கலாம்; வேடன் வைக்கும் கண்ணியை அப்படியே செய்வதால் இந்தப் பெயர் பொருந்தும். ஆர்த்ரோபோட்ரிஸ் என்ற பூஞ்சை பசை தடவிய வலையைப் பின்னுகிறது. வேறு சில, மூன்றே செல்களால் ஆன வளையத்தைத் தொங்கவிடுகின்றன. புழு தலையை நுழைத்ததும் மூன்று செல்களும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் உப்பிப் புழுவை இறுக்கிவிடும். பிறகு பூஞ்சையின் இழை உடலுக்குள் இறங்கிச் சத்தை உறிஞ்சும். இந்தப் பூஞ்சை எப்போதும் கண்ணி வைத்துக்கொண்டு இருப்பதில்லை. நூற்புழுக்கள் தங்களுக்குள் சேதி சொல்ல வெளியிடும் ரசாயனங்களை ஒட்டுக்கேட்டு, இரை அருகில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே வைக்கிறது. 2013இல் நிரூபணமான செய்தி இது.

இவ்வளவு இருந்தும் வழக்கு முடியவில்லை. மண்ணில் சாது நூற்புழுக்கள் குவிந்திருக்கும்போதே கண்ணிப் பூஞ்சைகளின் வேட்டை ஓய்ந்துவிடுவதைப் பின்னால் வந்தவர்கள் கவனித்தார்கள். வேர்முடிச்சுப் புழு குறைவதற்கு வேறு யாரோகூடக் காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் அமிலங்கள் மேல் விழுந்தது. கனடாவில் சேயர், பேட்ரிக், தார்ப் என்ற மூவர் ரை, திமோதி என்ற புல் வகைகளை மண்ணில் மட்கவிட்டு, வடிந்த சாற்றை ஆராய்ந்தார்கள். அதில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் பியூட்டிரிக் அமிலம் என்று 1965இல் கண்டார்கள். காறிப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலம் அதுவே. காற்றோட்டம் குறைந்த ஈர மண்ணில் தழை அழுகும்போது அது உண்டாகி, சில நாளில் பிற நுண்ணுயிர்களால் தின்று தீர்க்கப்படுகிறது.

மூன்றாவது, அம்மோனியா. கழுவாத மாட்டுத் தொழுவத்திலும் கோழிப் பண்ணையிலும் மூக்கைத் துளைக்கும் நெடி அது. தழைச்சத்து மிகுந்த எரு சிதையும்போது இந்த வாயு மண் இடுக்குகளில் நிறைகிறது. நூற்புழுவின் தோல் அதைத் தாங்காது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ரோட்ரிகேஸ்-கபானா இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எருவில் தழைச்சத்து எவ்வளவு கூடுதலோ அவ்வளவு புழுக்கொல்லும் ஆற்றலும் கூடுவதைக் காட்டினார். அப்படியானால் யூரியாவையே போட்டுவிடலாமே? அதையும் பார்த்தார்கள். புழு சாகும், ஆனால் அதற்கு ஒரு கிலோ மண்ணுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தழைச்சத்து வேண்டும். இது பயிருக்கு வழக்கமாக இடும் அளவைப் போலப் பல மடங்கு. செடியும் சேர்ந்து கருகும்.

நான்காவது ஆள் முட்டையைத் தின்பவர். நூற்புழு முட்டையின் ஓட்டில் கைட்டின் என்ற பொருள் உண்டு. இறால், நண்டின் ஓட்டில் இருப்பதும் அதுவே. 1979இல் பெருவில், உருளைக்கிழங்கு வேரிலிருந்த வேர்முடிச்சுப் புழுவின் முட்டைகளுக்குள் ஒரு பூஞ்சை வளர்ந்திருப்பதைச் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் இன்றைய பெயர் பர்ப்யூரியோசிலியம் லைலாசினம். இன்று உரக்கடைகளில் பொடியாகக் கிடைக்கிறது. கண்ணிப் பூஞ்சை ஒவ்வொரு புழுவாகப் பிடிக்கிறது. இது ஒரே பைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தின்று தீர்க்கிறது. மட்கும் பொருள் மண்ணில் இருந்தால், முட்டை கிடைக்காத நாளிலும் அதைத் தின்று உயிர் பிழைத்துக்கொள்கிறது.

நம் நாட்டுப் பங்கு வேப்பம் புண்ணாக்கில் இருக்கிறது. 1960களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆர். எஸ். சிங், கே. சீதாராமய்யா இருவரும் வேம்பு, கடலை, ஆமணக்கு முதலான புண்ணாக்குகளை மண்ணில் கலந்து தக்காளியும் வெண்டையும் வளர்த்தார்கள், வேர்முடிச்சு குறைந்தது. வேம்பில் அசாடிராக்டின் முதலிய கசப்புப் பொருள்களும் இருக்கின்றன, தழைச்சத்தும் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் கசப்பே இல்லை, இருந்தும் அது வேலை செய்தது என்றால், புண்ணாக்கு மண்ணில் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவுக்கும் கொழுப்பு அமிலங்களுக்கும் பெரிய பங்கு இருப்பது தெரிகிறது.

கொன்றது வேதிப்பொருளா, உயிரா என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரே கம்போஸ்ட்டை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை நீராவியில் வேகவைத்து அதிலுள்ள உயிர்களைக் கொன்றுவிட வேண்டும். இரண்டும் ஒரே அளவு புழுவைக் குறைத்தால் காரணம் வேதிப்பொருள். வேகாதது மட்டும் குறைத்தால் காரணம் உயிர்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வரிசை தெரிகிறது. முதல் சில நாள்களில் வாயுவும் அமிலமும் மண்ணிலுள்ள குட்டிகளைத் தாக்குகின்றன. அடுத்த வாரங்களில் நுண்ணுயிர்கள் பெருகி இரைபிடிப்பவர்களையும் முட்டை தின்பவர்களையும் வளர்க்கின்றன. அதற்குப் பிறகு மட்கிய எரு மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைத்து, மிச்சப் புழுக்களைத் தாங்கும் வலுவைச் செடிக்குத் தருகிறது. இரசாயன மருந்து புழுவோடு அதன் எதிரிகளையும் கொன்று மண்ணைக் காலிமனையாக்குகிறது. அந்தக் காலிமனைக்கு முதலில் திரும்பி வருவது பெரும்பாலும் புழுவாகவே இருக்கிறது. எருவோ எதிரிகளுக்குச் சோறு போட்டுக் குடிவைக்கிறது.

சோறும் பருப்பும்

அப்படியானால் எந்த எருவைப் போட்டாலும் சரியா? இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் வருகிறது. போன வருடம் பலித்தது இந்த வருடம் பலிக்காமல் போவதற்குக் காரணம், எரு என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு பொருள்கள் இருப்பதுதான்.

நுண்ணுயிர்களுக்குக் கரிமம் சோறு மாதிரி. தழைச்சத்து பருப்பு மாதிரி. ஒரு பொருளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் எத்தனை பங்கு என்பதைக் கரிம–தழைச்சத்து விகிதம் என்பார்கள். பச்சைத் தென்னை நார்க்கழிவில் இது 112க்கு 1: முழுக்க முழுக்கச் சோறு. அதை நேராக மண்ணில் போட்டால், பருப்பு போதாத நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். சிப்பிக் காளான் விதையும் யூரியாவும் சேர்த்து மட்கவைத்தால் விகிதம் 24க்கு 1 அளவுக்கு இறங்குகிறது. புண்ணாக்கும் கோழி எருவும் மறுகோடி, பருப்பு மிகுந்தவை. புழுவை அடிக்கும், அளவு மீறினால் நாற்றையும் அடிக்கும். ஆபர்ன் ஆய்வுகள் 12க்கும் 20க்கும் இடைப்பட்ட விகிதம் புழுவைக் குறைத்துக்கொண்டே செடியையும் காப்பதாகச் சொல்கின்றன. கோழி எருவோடு கொஞ்சம் நார்க்கழிவோ சருகோ கலப்பதன் தர்க்கம் இதுவே.

நன்றாக மட்கி, மண் வாசனை வீசும் கம்போஸ்ட்டில் அம்மோனியா எல்லாம் முன்பே போயிருக்கும். அதனிடம் முதல் அடியை எதிர்பார்க்க முடியாது. இரண்டாம், மூன்றாம் கட்ட வேலைகளையே அது செய்யும். அதற்காக மட்காத சாணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவதும் ஆபத்து. கரையான் அதைத் தேடி வரும். வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுக்கள் சாணக் குழியிலிருந்தே வயலுக்குப் பயணம் செய்யும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவதும் எருக்குழியில்தான். கம்போஸ்ட் குவியலைக் கிளறிக் கொடுத்து, உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறவிடுவது இந்த விருந்தாளிகளை வெளியேற்றுவதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு சிட்டிகையா, ஒரு வண்டியா?

ஆய்வுக்கூடத் தொட்டிக்கும் வயலுக்கும் இடையே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தொட்டிச் சோதனைகளில் மண் எடையில் 1 சதவீதம் எரு கலப்பது வழக்கம். கேட்கச் சின்ன அளவு. ஆனால் ஒரு எக்டேர் நிலத்தின் மேல் அரை அடி மண் மட்டும் சுமார் 20 லட்சம் கிலோ எடை. அதில் 1 சதவீதம் 20 டன். தொழுஉரமானால் திரட்டிவிடலாம்; வேப்பம் புண்ணாக்கை அப்படி வாங்கிப் போட யாராலும் முடியாது.

வயலுக்கான பரிந்துரைகளில் பரவலாகக் காணப்படும் வேப்பம் புண்ணாக்கின் அளவு எக்டேருக்கு 250 கிலோ. அதை நிலம் முழுக்கத் தூவினால் மண்ணில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. கடலில் கரைத்த பெருங்காயம். அதையே நடவுக் குழிக்கு எடுத்துச் சென்றால் கணக்கு மாறும். 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் எக்டேருக்குச் சுமார் 37,000 தக்காளிச் செடிகள். செடிக்கு ஏறக்குறைய 7 கிராம் புண்ணாக்கு. குழியைச் சுற்றியுள்ள ஒரு கிலோ மண்ணோடு கலந்தால் அது 0.7 சதவீதம், தொட்டிச் சோதனை அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதே பொருள், அதே செலவு. இடம் மட்டும் மாறியிருக்கிறது. இளம் வேர் முதல் மாதத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே எரு இருந்தால், முதல் தலைமுறைத் தாய்கள் குறைவார்கள். பத்துக்கும் ஐந்துக்கும் உள்ள அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக ஓடத் தொடங்கும். குழியில் இட்டதும் நட்டுவிடக் கூடாது. ஈரப்படுத்தி இரண்டு வாரம் பொறுத்தால் அம்மோனியா தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

நாற்றங்காலுக்கு இது இன்னும் பொருந்தும். புழு ஏறிய நாற்று, தோட்டம் முழுக்கப் புழுவைக் கொண்டுபோய் நடுகிறது. மட்கிய நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பிய குழித்தட்டில் வளர்ந்த நாற்று சுத்தமான வேரோடு வயலுக்கு வரும். அந்தக் கலவையில் முட்டை தின்னும் பூஞ்சையையும் சேர்த்துவிட்டால், காவல்காரன் வேரோடு ஒட்டிக்கொண்டே போகிறான். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையும் இந்த வழியில்தான் செல்கிறது: ஒரு டன் தொழுஉரத்தில் இரண்டொரு கிலோ பூஞ்சைப் பொடியைக் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் மூடி வைத்தால், குவியல் முழுக்கப் பூஞ்சை பெருகிவிடும். அதன் பிறகே வயலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நம் வெயிலையும் கூட்டுச் சேர்க்கலாம். ஈர மண்ணைக் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி வெயிலில் காயவிடும் முறையை இஸ்ரேலில் 1976இல் கட்டான் குழுவினர் அறிமுகம் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் கேம்லியல், ஸ்டேபிள்டன் இருவரும் கோழி எருக் கம்போஸ்ட்டை மண்ணில் கலந்து, அதன்மேல் தாளை மூடினார்கள்; தனித்தனியே செய்வதைவிட இரண்டும் சேர்ந்து நூற்புழுவை நன்றாகக் கட்டுப்படுத்தியதை 1993இல் வெளியிட்டார்கள். தாள் சூட்டைப் பிடிக்கிறது, வாயுவையும் வெளியே விடுவதில்லை. சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடக்கும் நாற்றங்கால் பாத்திகளுக்கு இது கைக்கு எட்டிய வழி.

ரகமே புழுவை எதிர்க்காதா என்று கேட்கலாம். பெருவின் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் எடுத்துவந்த எம்ஐ என்ற மரபணு இன்றும் பல ரகங்களில் இருக்கிறது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அதன் எதிர்ப்பு தளர்ந்துவிடும். நம் கோடை மண்ணில் அந்த அளவு சர்வசாதாரணம். ரகம், பயிர்ச்சுழற்சி, செண்டுமல்லி ஊடுபயிர், எரு என்று பல தோள்கள் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரம் இது.

ஒவ்வொரு தோட்டத்திலும் மண் வேறு, புழுவின் அடர்த்தி வேறு. எரு பலித்ததா என்று அறிய ஆய்வுக்கூடம் வரை போகத் தேவையில்லை. நடும்போதே இரண்டு வரிசைகளைப் புண்ணாக்கு இடாமல் விட்டு, முனையில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட வேண்டும். கடைசிப் பறிப்பு முடிந்து செடியை அப்புறப்படுத்தும் நாளில், இட்ட வரிசையில் பத்துச் செடி, இடாத வரிசையில் பத்துச் செடி. வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுள்ள வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் பெயர்த்து, இரண்டு வாளிகளில் தனித்தனியே அலசி, சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். அரை மணி நேர வேலை. பார்த்து முடித்ததும் முடிச்சு வேர்களை வயலிலோ எருக்குழியிலோ போடாமல் காயவைத்துக் கொளுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முடிச்சிலும் அடுத்த பருவத்துக்கான முட்டைகள் காத்திருக்கின்றன.

இரண்டு பத்துகளின் கூட்டுத்தொகையையும் வீட்டு நாள்காட்டியின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்தால், அடுத்த நடவுக்கு எவ்வளவு புண்ணாக்கு வாங்குவது, எந்த மூலைக்குக் கூடுதலாகப் போடுவது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.